துடுப்பு காட்டிய பக்கம்

படகு வழக்கத்தைவிடத் தாழ்ந்து மிதந்தது.

ஃபர்ஹீன் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே இடுப்பால் உணர்ந்துவிட்டாள். ஒற்றை ஆள் உட்காரும் கயாக் அது. கால்களை உள்ளே நீட்டி, முழங்கால்களை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, இடுப்பைச் சுற்றிக் கட்டிய ரப்பர் பாவாடையைப் படகின் வாயில் இழுத்து மாட்டிவிட்டால், படகு உடம்பில் ஓர் உறுப்பு மாதிரி ஆகிவிடும். மூச்சு இழுத்தால்கூட அதுவும் சேர்ந்து அசையும். இன்றைக்கு அது அசையவில்லை. பின்பக்கம் அமிழ்ந்து, மூக்கு லேசாகத் தூக்கிக்கொண்டு, யாரோ பின்னால் மேல்தட்டில் ஏறி உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் பிளாஸ்டிக் முதுகு வெயிலில் ஈரமாகப் பளபளத்தது. அதில் ஒன்றும் இல்லை.

“என்னத்தா திரும்பித் திரும்பிப் பாக்குற? உள்ள தண்ணி கிண்ணி கெடக்கா?” கரையில் நின்ற ஒச்சாண்டி கேட்டார். சின்னமனூரிலிருந்து இவர்களையும் படகுகளையும் மலைக்கு ஏற்றிவந்த ஜீப் டிரைவர் அவர். “எறக்கும்போதே சொன்னேன்ல, இந்த மஞ்சப் போட்டு என்னா கனம் கனக்குதுன்னு. ரெண்டு ஏலக்கா மூட்டைய ஒத்தத் தோள்ல ஏத்துறவன் நானு. எனக்கே இடுப்புப் பிடிச்சுக்கிருச்சு.”

“போன தடவ ஒரு மூட்டைன்னுல்ல சொன்னீக?” பக்கத்துப் படகில் இருந்த பிரின்ஸ் தன் சிவப்பு ஜாக்கெட்டின் வாரை இறுக்கியபடியே கேட்டான். “அந்த மூட்ட குட்டி போட்ருச்சாண்ணே?”

“ஏலே, ஆத்துல எறங்குறவன் வாய மூடிக்கிட்டு எறங்கணும். இல்லாட்டி ஆறு உள்ள போயிரும்.”

பிரின்ஸ் சிரித்தான். ஃபர்ஹீன் சிரிக்கவில்லை. அவள் அதிகம் பேசாத பெண் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை யாரும் கவனிக்கவும் இல்லை. படகைத் தண்ணீரில் விடுவதற்கு முன்னால் வடிகால் மூடியைத் திறந்து கவிழ்த்துப் பார்த்திருந்தாள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

ஒச்சாண்டி முழங்கால் ஆழத்துக்கு இறங்கி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சொன்னாக் கேளு தாயி. அண்ணனுக்கு வருச ஃபாத்திஹா ஓதணும்னா இங்கன கரையில ஒக்காந்து ஓதக் கூடாதா? உள்ள போயித்தான் ஓதணுமா?”

“அண்ணன் உள்ளதான இருக்கு.”

தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். “வெளிவாய்ல பாலத்துக்கிட்ட நிப்பேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துருங்க. உள்ள நீங்க என்னா கத்துனாலும் எனக்குக் கேக்காது, பாத்துக்க.”

நரியாறு மேகமலைச் சரிவில் இறங்குகிற காட்டாறு. சமவெளியைத் தொடுவதற்கு முன் ஓரிடத்தில் மலை அதைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. ஒரு சுவரின் தலையில் ஏலத்தோட்டம், மற்றதின் தலையில் காடு. நடுவில் ஆறு கோணல் மாணலாக நுரைத்துக்கொண்டு ஓடும். உள்ளே எவ்வளவு கத்தினாலும் வெளியே சத்தம் வராது என்பதால் அதற்கு ஊமையிடுக்கு என்று பேர். உள்ளே போனவர்கள் சுவரில் ஏறி வர முடியாது, வந்த வழியே திரும்பவும் முடியாது. தண்ணீர் போகிற வழி ஒன்றுதான் வழி.

அதனால் அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருவர் முன்னால் போக வேண்டும். பாறைக்குப் பின்னால் தண்ணீர் தயங்கி நிற்கிற ஒதுக்கில் படகைத் திருப்பி நிறுத்திக்கொண்டு, மேலே காத்திருப்பவருக்கு ஒரு நீண்ட விசில் கொடுக்க வேண்டும். வா என்று அர்த்தம். பிறகு துடுப்பைத் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும். எதிரும் புதிருமாக நிற்பவர்களுக்கு இடது வலது குழம்பிவிடும். ஆகவே காட்டுப் பக்கம், தோட்டப் பக்கம் என்றுதான் பேச்சு. ஆபத்து இருக்கிற பக்கத்தைச் சாடையாகக்கூடக் காட்டக் கூடாது, போக வேண்டிய பக்கத்தை மட்டுமே காட்ட வேண்டும். வருகிறவர் உள்ளங்கையால் ஹெல்மெட்டின் உச்சியில் தட்டுவார். நல்லா இருக்கேன், வர்றேன்.

“தண்ணியப் பாக்காத,” என்று அண்ணன் அஷ்ரப் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். “தண்ணி பொய் சொல்லும். முன்னால நிக்கிறவனப் பாரு. அவன் துடுப்பு சாயுற பக்கம் கண்ண மூடிக்கிட்டுப் போ.”

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்த தங்கையை ஆற்றுக்குக் கூட்டிவந்தவன் அவன். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று அவர்களைப் பெற்ற அத்தா தடுத்தபோது, “படிப்புத்தான் வரல, நீச்சலாச்சும் வரட்டும்த்தா” என்று அவரைச் சிரிக்க வைத்தவன்.

போன வருடம் இதே மாதம், மழை விட்ட ஒரு நாளில், அவனும் பிரின்ஸும் இந்த இடுக்குக்குள் இறங்கினார்கள். சின்ன வயதிலிருந்தே கம்பத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். வெளியூர்க்காரர்களுக்குப் படகு விட்டுக்காட்டும் தொழிலைச் சேர்ந்து நடத்தியவர்கள். அன்றைக்கு முன்னால் போனது பிரின்ஸ். நடுவில் பிளவுப்பாறை என்று ஒன்று உண்டு, அதில் ஆறு இரண்டாகப் பிரியும். தோட்டப் பக்கம் சுத்தமான தண்ணீர். காட்டுப் பக்கம், மழையில் சாய்ந்த பெரிய மரம் ஒன்று தண்ணீருக்கடியில் குறுக்கே சிக்கிக் கிடந்தது. மேலே இருந்து வருகிறவனுக்கு அது தெரியாது. கீழே ஒதுக்கில் நிற்பவனுக்கு நன்றாகத் தெரியும்.

அஷ்ரப் காட்டுப் பக்கம் வந்தான். தண்ணீர் கிளைகளுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அவன் போகவில்லை.

எத்தனை நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. இன்று அவள் ஏறியிருக்கும் இந்த மஞ்சள் படகு மட்டும் தானாகவே பாலத்தடிக்கு வந்து சேர்ந்தது. கவிழாமல், நிமிர்ந்தபடி. ரப்பர் பாவாடை படகின் வாயில் மாட்டியது மாட்டியபடி இருந்தது, இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஓட்டை. குளிப்பாட்டுவதற்கு உடல் இல்லாத வீட்டில், உடலைச் சுற்ற வாங்கி வந்த கஃபன் துணியை அம்மா சாபிரா மடித்துப் பீரோவுக்குள் வைத்தாள். கற்பூரமும் பன்னீரும் மணக்கும் அந்தப் பீரோ அதற்குப் பிறகு யாரும் திறக்காமலே அவ்வப்போது மணத்தது.

வாசலில் நின்று அழுதபடி பிரின்ஸ் சொன்னான், “நான் தோட்டப் பக்கந்தான் காட்டுனேன். அவனா மாறி வந்துட்டான்.”

ஊர் நம்பியது. ஃபர்ஹீன் நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு துடுப்பை நம்பு என்று சொன்னவன் துடுப்பு காட்டாத பக்கம் வருவானா? அதற்கு முந்தைய வாரம்தான் இருவருக்கும் சண்டை. மழைக் காலத்தில் பழகாதவர்களை இடுக்குக்குள் இறக்க மாட்டேன் என்று அண்ணன் பிடிவாதமாக நின்றான். கதவுக்குப் பின்னால் நின்ற அவள் காதில் பிரின்ஸின் குரல் தெளிவாக விழுந்தது. “நீ இருக்குற வரைக்கும் இந்தத் தொழில் வெளங்காதுடா.” ஒரு வருடமாக அந்தச் சொல்லைத்தான் அவள் தின்றாள், அதோடுதான் உறங்கினாள். அன்றிலிருந்து அவனை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

போன வாரம் ஏலத்தோட்டத்துப் பாதையில் ஏறி, சுவர் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். மரம் அங்கேதான் கிடந்தது, காட்டுப் பக்கம். கீழே இறங்கும்போதே முடிவு செய்துவிட்டாள். ஃபாத்திஹா ஓதக் கூட்டிப்போ என்று பிரின்ஸிடம் கேட்டாள். பிளவுப்பாறைக்கு நான்தான் முன்னால் போவேன் என்றும் சொன்னாள். அவன் சரி என்றான்.

துடுப்பைச் சாய்ப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும்? பிள்ளையைத் தூக்குகிற அளவுகூட வேண்டாம்.

இடுக்கின் வாய்க்குள் நுழைந்ததும் வெயில் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. பாறைச் சுவர்களில் பாசியும் பெரணியும் ஈரம் சொட்டிக்கொண்டிருக்க, வெளியே கேட்ட குயிலும் தோட்டத்து மோட்டாரும் துணி போட்டு மூடியது போல அடங்கிப்போய், பாறைக்குப் பாறை மோதித் திரும்புகிற தண்ணீரின் இரைச்சல் மட்டும் காதுக்குள்ளும் பல்லுக்குள்ளும் படகின் பிளாஸ்டிக் வழியாகத் தொடை எலும்புக்குள்ளும் ஏறியது. முதல் சரிவில் படகு மூக்குக் குத்தி இறங்கியபோது நுரை முகத்தில் அறைந்தது. அவள் இடுப்பைச் சாய்த்தாள். படகு ஒரு கணம் தாமதித்துத்தான் சாய்ந்தது, ‘இரு, நானும் பிடித்துக்கொள்கிறேன்’ என்று பின்னால் ஒருவர் நிதானித்தது மாதிரி.

இரண்டாவது சரிவைத் தாண்டி ஒரு ஒதுக்கில் நின்றபோது விசில் கேட்டது.

ஒரு நீண்ட விசில். கரகரத்து நடுவில் உடைந்து இரண்டு குரலாகப் பிரிகிற விசில். அண்ணனின் விசிலில் ஒரு கீறல் இருந்தது. மாற்றித் தொலையேன் என்று அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். “இருக்கட்டும், இது என் குரலு” என்பான்.

“விசில் அடிச்சியா?” நுரையைத் தாண்டி வந்து சேர்ந்த பிரின்ஸிடம் கத்திக் கேட்டாள்.

“இல்லையே. நீதான் அடிச்சேன்னு நெனச்சு வந்தேன்.”

இருவரும் ஒருவர் கழுத்தில் தொங்கிய விசிலை மற்றவர் பார்த்தார்கள். இரண்டின் வாயிலும் நுரைத்தண்ணீர் ஊதப்படாமல் அப்படியே நின்றது.

“பாறையில காத்து பட்டா அப்படித்தான் ஊதும், மோளே,” என்றான் பிரின்ஸ். அவன் அம்மா குமுளிக்காரி. பயப்படும்போது அவனுக்கு அம்மாவின் மலையாளப் பேச்சு வரும். காற்று அங்கே அசையவே இல்லை.

அடுத்து மணம் வந்தது. பாசி வாடையையும் ஈரப் பாறை வாடையையும் கிழித்துக்கொண்டு மெலிதாக ஒரு இழை, கற்பூரமும் பன்னீரும் கலந்து, பீரோக் கதவை யாரோ ஒருக்களித்துத் திறந்தது போல. முன்னாலிருந்து வரவில்லை. அவள் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் திரும்பவில்லை. ‘வா’ என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ‘வந்து பாரு அண்ணே. உனக்காகத்தான்.’ சொல்லி முடித்ததும் படகின் பின்பக்கம் இன்னும் ஒரு விரற்கடை அமிழ்ந்தது.

பிளவுப்பாறைக்கு முன்னால் ஒரு மடு. இரைச்சலெல்லாம் கீழே தள்ளிப்போய், கறுப்புத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். இரண்டு படகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. அவள் ஓதினாள். உதடு அசைந்ததே தவிர மனம் அதில் இல்லை. ஆமீன் என்று முகத்தைத் தடவியபோது உள்ளங்கை தன்னுடையதல்லாத குளிர்ச்சியில் இருந்தது. பிரின்ஸ் சிலுவை போட்டுக்கொண்டான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

“ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஊர்ல சொன்னா பைத்தியம்பாக.”

அவள் துடுப்பைப் படகின் குறுக்கே வைத்தாள்.

“அன்னிக்கு நான் தோட்டப் பக்கம் சாச்சுப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். சத்தியமா. ஆனா அவன் என்னையப் பாக்கவே இல்ல. என் தோளுக்கு மேல, எனக்குப் பின்னால யாரையோ பாத்தான். தெரிஞ்ச ஆளப் பாத்த மாதிரி சிரிச்சான். ஹெல்மெட்டத் தட்டுனான். நான் கத்துறேன், விசில் அடிக்கிறேன், அவன் பாட்டுக்குக் காட்டுப் பக்கம் வந்துட்டான்.”

“யாரப் பாத்துச்சு?”

“திரும்பிப் பாத்தேன். பாறைதான் இருந்துச்சு.” அவன் அவள் படகின் பின்பக்கத்தைப் பார்த்தான். “ஆனா அன்னிக்குக் காலையிலேர்ந்தே என் போட்டு கனமா இருந்துச்சு, ஃபர்ஹீனு. ஒச்சாண்டி அண்ணே இன்னிக்கு அதச் சொன்னதும் எனக்கு அதுதான் நெனப்பு வந்துச்சு. வேணாம், நான் முன்னால போறேன். நீ பின்னால வா.”

அவளுக்குக் கோபம் ஏறியது. ஜீப்காரர் சொன்னதைக் காதில் வாங்கி, அதையே கதையாகத் திரித்து, அண்ணன் இறந்த இடத்திலேயே நின்று விற்கிறான்.

“இல்ல. நான் போறேன்.”

“சரி. அந்த மரம் இந்த மழைக்குப் பக்கம் மாறிருந்தாலும் மாறிருக்கும், பாத்துக் காட்டு. ஆனா கீழ இருக்குற கடைசிப் பாறைக்கு நான்தான் முன்னால. அங்கன இந்த மழைக்கு எந்தப் பக்கம் அடைச்சிருக்குன்னு மேலேருந்து பாத்தாலும் தெரியாது.” பிறகு உள்ளங்கையை நீட்டி, அண்ணன் செய்வது போலவே, அவள் ஹெல்மெட்டின் உச்சியில் மெதுவாகத் தட்டினான். “பாத்துப் போ, மோளே.”

அவள் போனாள். மடுவின் விளிம்பில் தண்ணீர் வழவழவென்று வளைந்து, பிறகு ஒரேயடியாக விழுந்தது. பிளவுப்பாறை கறுப்பு மூக்காக எதிரே எழும்பியது. தோட்டப் பக்கம் துடுப்பை ஆழக் குத்தி இழுத்தாள். நுரை, இருட்டு, நுரை. வெளியே வந்து விழுந்ததும் படகைச் சுழற்றி ஒதுக்குக்குள் புகுந்தாள்.

இங்கிருந்து மரம் தெரிந்தது. பட்டை உரிந்து வெளுத்துப்போய், விரல் விரித்த கை மாதிரி கிளைகள். ஒரு கிளையில் நீல வார் ஒன்று சுற்றிக்கொண்டு தண்ணீரில் துடித்தது. அண்ணனுடைய ஜாக்கெட் நீலம்.

அதைப் பார்த்ததும் தயக்கமெல்லாம் போய்விட்டது. விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினாள். சுவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்தன. திரும்பி வந்த சத்தத்தில் கரகரப்பு இருந்தது.

மேலே, மடுவின் விளிம்பில், சிவப்பாக பிரின்ஸ் தெரிந்தான்.

துடுப்பைத் தூக்கினாள். காட்டுப் பக்கம் சாய்த்தாள்.

அவன் யோசிக்கவே இல்லை. ஒரு நொடிகூட. கையைத் தூக்கி ஹெல்மெட்டின் உச்சியைத் தட்டினான். நல்லா இருக்கேன், வர்றேன். படகின் மூக்கைக் காட்டுப் பக்கம் திருப்பினான்.

அந்தத் தட்டல் அவள் நெஞ்சில் விழுந்தது. போன வருடம் இதே இடத்தில் ஒருவனைப் பொய்த் துடுப்பு காட்டிக் கொன்றவன், கொல்லப்பட்டவனின் தங்கை காட்டும் துடுப்பை நம்பி இப்படி வருவானா? குற்றமுள்ள எவன் இப்படி வருவான்?

வர மாட்டான்.

அவள் கை தானாக மாறியது. துடுப்பைத் தோட்டப் பக்கம் சாய்த்தாள். ஆட்டினாள். ஒரு வருடமாகச் சொல்லாத சொல் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

“அண்ணே! தோட்டப் பக்கம்! தோட்டப் பக்கம் அண்ணே!”

நேரம் இருந்தது. அவன் திரும்பிவிடலாம். இரண்டு இழுப்புப் போதும்.

அவன் அவளைப் பார்க்கவில்லை.

அவள் தோளுக்கு மேலே பார்த்தான். அவளுக்குப் பின்னால். கண்கள் விரிந்தன. பிறகு அந்த முகம் மெல்ல இளகி, பிரிந்து போன ஒருவனைப் பேருந்து நிலையத்தில் கண்ட மாதிரி மலர்ந்தது. இரைச்சலில் குரல் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

மச்சான்.

படகின் பின்பக்கம் அமிழ்ந்தது. கற்பூரம். அவள் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. ஐஸ் மாதிரி. கடைக்கண்ணில், அவள் காதை ஒட்டி, ஈர நீலத்தில் ஒரு கை நீண்டிருந்தது. அசையாமல். காட்டுப் பக்கம் காட்டியபடி.

“வேணாம்,” என்றாள். “வேணாம் அண்ணே. அவன் செய்யல.”

கை இறங்கவில்லை.

சிவப்புப் படகு மரத்தில் மோதியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பக்கவாட்டில் சாய்ந்தது. தண்ணீர் அதன் மேல் ஏறியது. சிக்கியவர்களை இழுக்க வைத்திருந்த கயிற்றுப் பையை எடுத்து வீசினாள். குறி தவறியது. இழுத்தாள். மறுபடி வீசினாள். கயிறு கிளையில் போய் விழுந்தது. தண்ணீருக்கு மேல் ஒரு கை மட்டும் வந்தது. உள்ளங்கை விரிந்து வெள்ளைக் கிளையைத் தட்டியது. தட்டியது. தட்டியது.

நின்றது.

அவள் படகு சட்டென்று மேலே எழும்பியது. தக்கை மாதிரி. பின்னால் இருந்த கனம் இல்லை. கழுத்தில் சொட்டு இல்லை. மணம் இல்லை. இடுக்கு முழுக்கத் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

ஒரு வருடமாக நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது அணைந்துபோயிருந்தது. இதைத்தானே கேட்டோம் என்று நினைத்தாள். வா என்று கூப்பிட்டது யார்? அணைந்த இடம் குளிர ஆரம்பித்தது. குளிர் வயிற்றுக்கு இறங்கியது. கைக்குப் போனது.

ஏற முடியாது. திரும்ப முடியாது. கீழேதான் போக வேண்டும். பாலம் கீழே. ஒச்சாண்டி கீழே.

ஒதுக்கை விட்டு வெளியே வந்தாள். ஆறு அவளை எடுத்துக்கொண்டது. சுவர்கள் நெருங்கின. வானம் ஒரு கயிறாகக் குறுகியது. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. அப்புறம் கடைசிப் பாறை தெரிந்தது, பள்ளிவாசல் தூண்போல ஆற்றை இரண்டாகப் பிளந்துகொண்டு. எந்தப் பக்கம் அடைத்திருக்கிறது? தெரியாது. அவன்தான் முன்னால் போவதாகச் சொல்லியிருந்தான்.

விசில் கேட்டது.

ஒரு நீண்ட விசில். கரகரத்து, உடைந்து.

கடைசிப் பாறைக்குக் கீழே, ஒதுக்கில், நீல ஜாக்கெட்டில் ஒருவன் நின்றிருந்தான். படகு இல்லாமல். இடுப்பு வரை தெரிந்தான். இடுப்புக்குக் கீழே தண்ணீர் தடங்கல் இல்லாமல் ஓடியது. ஹெல்மெட்டுக்குள் நிழல். மெல்லத் துடுப்பைத் தூக்கினான்.

காட்டுப் பக்கம் சாய்த்தான்.

அண்ணன். தண்ணியப் பாக்காத, முன்னால நிக்கிறவனப் பாரு என்று சொன்ன அண்ணன். அவன் கை காட்டினால் அது வழிதான். வழியைத்தான் காட்ட வேண்டும். ஆபத்தைக் காட்டக் கூடாது. அதுதான் முறை.

ஆனால் அது உயிரோடு இருப்பவர்களின் முறை.

இருந்தும் பழக்கத்தில் அவள் துடுப்பைக் காட்டுப் பக்கம் குத்தினாள்.

படகின் பின்பக்கம் அமிழ்ந்தது.

இந்த முறை ஆழமாக. மூக்கு தூக்கிக்கொண்டது. ரப்பர் பாவாடை வயிற்றை இறுக்கியது. பிடரியில் மூச்சு. குளிர்ந்த மூச்சு. ஊறிய மரத்தின் வாடை. அவள் திரும்பவில்லை. திரும்பத் தேவை இருக்கவில்லை. கன்னத்தை உரசிக்கொண்டு ஒரு கை முன்னால் நீண்டது. சிவப்பு ஜாக்கெட். மணிக்கட்டில் வழிகிற தண்ணீர். நகக்கண்களில் வெள்ளை மரச்சிராய்.

அது தோட்டப் பக்கம் காட்டியது.

முன்னால் அண்ணன். காட்டுப் பக்கம்.

கன்னத்தோரம் அந்தக் கை. தோட்டப் பக்கம்.

பாறை பெரிதாகிக்கொண்டே வந்தது. தண்ணீர் நிற்கவில்லை.

ஹெல்மெட்டின் உச்சியில் ஓர் உள்ளங்கை தட்டியது. மெதுவாக. பிரியமாக.

அவளுடைய இரண்டு கைகளும் துடுப்பில் இருந்தன.